சேபனை மட்டும் பார்த்தால் போதாது

வணக்கம். வெற்றி விகிதப்படி அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் (சாக்கர் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) பயிற்சியாளர்களை வரிசைப்படுத்தினால் பணக்காரப் பல்கலைக்கழகங்களே மேலே வருகின்றன என்கிறீர்கள். வரத்தான் செய்யும். ஒவ்வொருவரும் எந்த நிலையில் அணியை ஏற்றார் என்று உங்கள் பட்டியலில் ஒரு நெடுவரிசை சேருங்கள்.

பயிற்சியாளர் நிக் சேபன் அலபாமா பல்கலைக்கழகத்தில் 6 தேசியப் பட்டங்கள் வென்றார். அதே சேபன் அதற்கு முன் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1995 முதல் 1998 வரை ஒரு பருவத்தில்கூட 7 வெற்றிகளைத் தாண்டவில்லை. அனுபவம் கூடியது உண்மை. ஆனால் அலபாமாவில் நல்ல வீரர்களைச் சேர்க்கும் வலிமையும் பணமும் கூடவே கூடின.

இன்னொரு பயிற்சியாளர் பில் ஸ்னைடரைப் பாருங்கள். 1988இல் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணி 11 ஆட்டங்களிலும் தோற்றது. மறு ஆண்டு அவர் வந்தார்; கிடைத்தது ஒரே வெற்றி, அதுவும் நார்த் டெக்சஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நகர்வில். உங்கள் கணக்கில் அந்தப் பருவம் வெறும் 1-10 (ஒரு வெற்றி, பத்துத் தோல்வி). 1998இல் அதே அணி வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றது. என் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான்.