பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தால் யாழ் பல்கலைக்கழகம் கிடைக்குமா?

கிடைக்காது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வளாக மதிலுக்கு எதிரே படித்தாலும், அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில்தான். அவர்கள் பார்ப்பது க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி, அதாவது பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாகச் சமப்படுத்திக் கணிக்கும் மதிப்பு.

கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40% இடம் அகில இலங்கைத் தரவரிசைக்கு, 55% மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கடைசிப் பட்டியலில் கிளிநொச்சி உண்டு. அதற்காகப் பிள்ளையைக் கடைசி வருசத்தில் கிளிநொச்சி அடங்கும் வன்னிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவது வீண்வேலை; சோதனைக்கு முந்தின 3 வருசம் எங்கே படித்தார் என்பதைத்தான் கணக்கெடுப்பார்கள்.

பலர் கோட்டைவிடுவது உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் (சாதாரண தரப் பரீட்சை அல்ல). உயர்தரத்தின் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி, இந்தப் பொதுப் பரீட்சையிலே குறைந்தது 30 புள்ளி, இரண்டும் வேண்டும். இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும் இதில் 29 எடுத்தால் விண்ணப்பிக்கவே ஏலாது. பொறியியல் கிடைத்தாலும் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாமென்று நினைக்காதீர்கள், அந்தப் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்.