கட்டிங் டேபிளில் மிஞ்சுவது

கேள்வி: அரூப ஓவியம் (ஆள், மரம் என்று எந்த உருவமும் இல்லாமல் வடிவமும் வண்ணமும் மட்டும்) வரைகிறேன். வீட்டுக்குக் கீழேயே எங்கள் பனியன் கம்பெனி. எந்தப் பக்கம் திரும்பினாலும் துணி மூட்டையும் காரை பெயர்ந்த சுவரும்தான். வரைய ஒன்றும் தோன்றுவதில்லை. சென்னையில் சில மாதம் தங்கினால் சரியாகுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, முதலில் கீழே இறங்கிக் கட்டிங் டேபிளைப் பாருங்கள். மாஸ்டர் உடம்பும் கையும் வெட்டி எடுத்த பிறகு, வேஸ்ட் என்று மூட்டை கட்டுகிறார்களே, அந்தத் துணியைப் பிரித்து வெறுந்தரையில் விரியுங்கள். கழுத்துக்கு வெட்டிய பிறை, அக்குள் வளைவு, இரண்டு உடம்புக்கு நடுவே ஒல்லியாக ஓடும் பட்டை. யாரும் அழகுக்காக வெட்டியதில்லை. ஆனாலும் எவ்வளவு உறுதியான வடிவங்கள்! ஒரே பிறை மஞ்சளில் பெரிதாகவும் கருநீலத்தில் சிறிதாகவும் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வண்ணத்தைப் பற்றி நிறையப் பிடிபடும்.

நம் கோவையில் 1911-இல் பிறந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1963-இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசைக்குத் தூண்டுதல், ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம். கோடுகளாலேயே அரூப ஓவியம் வரைந்த நஸ்ரீன் முகமதி, தறியில் இழுத்துக் கட்டிய நூலைப் போட்டோ எடுத்தவர். உங்களுக்கு விசைத்தறி ஊரான சோமனூர் போனால், தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூல் கண் முன்னால் ஓடும்.

ஆனால் ஒன்று. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளை அப்படியே கான்வாஸில் ஏற்றாதீர்கள். அது நெசவாளர் முடித்துவிட்ட வேலை. ஜமக்காளத்தை ஏனோதானோவென்று மடித்துப் போட்டால் பட்டைகள் எங்கே உடைகின்றன, எந்தச் சிவப்பு எந்தப் பச்சை மேல் ஏறுகிறது, அதைப் பிடியுங்கள். காங்கேயம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலி கோடையில் இலையில்லாமல் நிற்கும்போது, குச்சிகளை விட்டுவிட்டு இடையில் தெரியும் வானத்துண்டுகளை மட்டும் வரைந்து பாருங்கள்.

கண்ணைப் பழக்க, ஓர் அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக அந்தக் காரை பெயர்ந்த சுவரைப் பாருங்கள். போனில் படம் எடுத்தாலும் பரவாயில்லை. வரையும்போது மட்டும் போனைத் திறக்காதீர்கள். மறந்தது போகட்டும், மனதில் நின்றதை வரையுங்கள்.

சென்னைக்கும் போங்கள், ஆனால் ஓவியம் பார்க்க. பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பெயின்ட் எங்கே தடிமன், எங்கே கான்வாஸ் தெரிகிறது, ஓரத்தை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று கிட்டே போய்ப் பாருங்கள். போன் திரையில் இது எதுவும் தெரியாது.