ஹெட்போன்தான் அவன் கதவு

கேள்வி: மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் சின்னத் திண்ணை. மாமியார், கொழுந்தன், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். ஒன்பதாவது படிக்கும் மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். இல்லாவிட்டால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறான். இருட்டினால் ஜங்ஷன் டீக்கடை. பையன் கெட்டுப்போகிறானா?
ஒரு தாய், இடுக்கி மாவட்டம்

பதில்: கெட்டுப்போகவில்லை அம்மா, ஒதுங்க இடம் தேடுகிறான். பக்கத்து வீட்டு டிவி சத்தமும் சுவர் வழியே வரும் லயத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே கதவு அந்த ஹெட்போன். பிடுங்காதீர்கள்.

நெரிசல் என்றதும் சிலர், எலிகளை நெருக்கமாக வளர்த்தபோது அவற்றின் நடத்தை சீர்குலைந்தது என்று ஆய்வாளர் கால்ஹூன் 1962இல் எழுதிய எலிக்கூண்டுக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். உங்கள் மகன் எலி இல்லை, விடுங்கள். நமக்குப் பொருந்துவது உளவியலாளர் கேரி எவன்ஸும் இந்திய ஆய்வாளர்களும் புனேயில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு. வருமான வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தும், நெரிசலான வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் பள்ளி நடத்தையிலும் சிரமம் இருந்தது. பெற்றோரோடு உரசலும் கூடியிருந்தது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த உரசல்தான். நெரிசலான வீடுகளில் பெற்றோர் சின்னக் குழந்தைகளிடம் பேசும் பேச்சே சுருங்கிவிடுகிறது என்றும் எவன்ஸ் கண்டார். ஆறு பேர் இருக்கும் வீட்டில் பேச்சு குறையுமா என்பீர்கள். ‘நகரு’, ‘எடு’, ‘சத்தம் போடாதே’ என்பதெல்லாம் பேச்சா?

இன்னொரு அறை கட்ட வழியில்லை, தெரியும். ஒரு மூலையும் ஒரு மணி நேரமும் கொடுங்கள். பழைய சேலையைக் குறுக்கே கட்டினால் போதும். திண்ணையில் குளிரடித்தால் அடுக்களை ஓரம். எந்த நேரம் என்று அவனே சொல்லட்டும், அந்தச் சொல்லுரிமைதான் முக்கியம். அப்போது யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது, டிவியும் கிடையாது. சீரியல் விஷயத்தை மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். நீங்கள் பேசினால் அது வேறு கதையாகிவிடும்.

டீக்கடையைத் தடுப்பதைவிட, பக்கத்தில் வாயனசாலை (நூலகம்) இருக்கிறதா, அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பள்ளிக்கே போக மறுத்தாலோ, ராத்திரி வீடு திரும்பாவிட்டாலோ பள்ளி கவுன்சிலரைப் பாருங்கள்.

அப்புறம், தேயிலைக் கொழுந்தெடுத்துக் களைத்துத்தான் வருவீர்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவனை மட்டும் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்து போய் வாருங்கள். வழியில் படிப்புப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.