44 டிகிரியில் ஒரு விருந்து மேஜை

அன்புள்ள அக்கா,

தில்லி துவாரகாவில் சின்ன ஃபிளாட் எங்களுடையது. மே கடைசி சனிக்கிழமை ராத்திரி, அலுவலகத்திலிருந்து பத்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். பாதிப்பேர் பஞ்சாபிகள். நம்மூர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்று கேட்டார்கள். மேஜையை அழகாக வைக்க ஆசை. படங்களைப் பார்த்து மெழுகுவர்த்தி, மேஜைக்கு நடுவில் போடும் நீள விரிப்பு, உயரமான பூ ஜாடி எல்லாம் வாங்கிவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டு, "வயிறு நிறையச் சோறு போட்டா போதாதா, எதுக்கு இந்த ஷோ?" என்றார். அதிலிருந்து எனக்கே சந்தேகம். இது பகட்டுதானா? இருப்பதோ நாலு பேர் உட்காரும் மேஜை. ஹாலில் ஏசி கிடையாது, கூலர்தான். எவர்சில்வர் டம்ளர்களை ஒளித்து வைத்துவிட்டுக் கண்ணாடி டம்ளர் வாங்கவா?

வி., துவாரகா

அன்புள்ள வி.,

முதலில் அந்த மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் வாங்கிக்கொள்ளாவிட்டால் தீபாவளி வரை அலமாரியில் தூங்கட்டும். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், ஒரு ஜூன் மாதம், கணவரின் நண்பர்களுக்கு மொட்டைமாடியில் விருந்து வைத்தேன். நீள மெழுகுவர்த்தி நாலை மத்தியானமே மாடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நாலும் திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அதோடு விட்டேனா? தெருவோரம் சரக்கொன்றை பூத்துக் கிடக்கிறதே என்று நாலு கொத்து ஒடித்து வந்து ஜாடியில் வைத்திருந்தேன். இந்த மாதத்தில் அம்ரிதா ஷேர்கில் மார்க் பக்கம் போய்ப் பாருங்கள், அந்த மஞ்சளை யாருக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றாது? ஆனால் மரத்தில் இருக்கும்வரைதான் அதன் அழகு. ராத்திரிக் காற்று அடிக்க அடிக்க இதழ்கள் ரசத்தில் விழுந்தன. ஒரு நண்பர் அதை ஏதோ மதராஸிச் சமாச்சாரம் என்று நினைத்து ரசத்தோடு சேர்த்துக் குடித்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

உங்கள் மாமியார் சொன்னதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாணப் பந்தியில் இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும், உப்பும் ஊறுகாயும் மேல் ஓரத்தில் இடக்கோடியில் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோமே, அதுவும் மேஜை அலங்காரம்தான். மேஜை இல்லை, அவ்வளவே. ஆனால் அதில் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. அகலமான பக்கம் வலக்கைக்கு வந்தால்தான் சோறு பிசைய இடம் கிடைக்கும். நான் பகட்டைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்: வந்தவர் ஒரு பொருளை நகர்த்தி வைத்தால்தான் சாப்பிட முடியும் என்றால் அது அங்கே இருக்க வேண்டாம். உங்கள் உயர ஜாடி அந்த ரகம். அதை வாசலருகே செருப்பு அலமாரி மேல் வைத்து ரஜனிகந்தா போடுங்கள், நம்ம நிலச்சம்பங்கிதான். உள்ளே நுழையும்போது வாசனை ஜோராக இருக்கும். சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவந்தால் சாம்பாரோடு சண்டை போடும்.

பத்து பேருக்கு நாலு பேர் மேஜை என்றால், அதில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். சுவரிலிருந்து இழுத்து, சுற்றிவர வழி விட்டு, பதார்த்தங்களை மட்டும் வையுங்கள். வாழையிலையைத் தட்டளவுக்கு வட்டமாக நறுக்கித் தட்டில் போட்டுக் கொடுத்தால் போதும். ஐஎன்ஏ மார்க்கெட்டில் இலை கிடைக்கும். வாங்கியதும் ஈரத்துணியில் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் லூ என்கிற இந்தக் கோடை அனல்காற்றில் வீடு வருவதற்குள் ஓரமெல்லாம் சுருண்டுவிடும். நறுக்குமுன் அடுப்பு அனலில் ஒரு வாட்டு வாட்டினால் கிழியாது. கோசுமல்லிக்கும் சுண்டலுக்கும் தொன்னை. சாட் கடைக்காரர்கள் 'தோனா' என்பார்கள், அதே சாமான்.

விரிப்பை நீங்கள் எங்கே வாங்கினீர்களோ தெரியாது. கரூரில் நெய்த மேஜைவிரிப்புகள் கப்பலேறி ஐரோப்பியச் சாப்பாட்டு மேஜைகளுக்குப் போகின்றன, நாம் இங்கே அவர்கள் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறோம். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடியில் ஒரு நாலு முழ வேட்டியை விரித்துப் பாருங்கள். கரை இரண்டு பக்கமும் தொங்கினால் வேறு அலங்காரமே வேண்டியிருக்காது. சாம்பார் சிந்தினால் பதறாதீர்கள். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்து பயமுறுத்தும். துவைத்து வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது. தில்லி வெயில் நமக்குச் செய்யும் ஒரே உபகாரம்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியம் தண்ணீர். மே மாதத்தில் இந்த ஊரில் ஒருவர் வீட்டுக்குள் வந்ததும் பார்ப்பது பூவை இல்லை, தண்ணீர் எங்கே என்றுதான். அதனால் மேஜைக்கு முன்னால் தண்ணீரை ஜோடியுங்கள். வாசலுக்கு அருகில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மண்பானை, கழுத்தில் மல்லிகைச் சரம். பானை புதிது என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். நீர் அதன் உடம்பு வழியே கசிந்து காய்ந்தால்தான் உள்ளே குளிரும். அடியில் ஒரு தாம்பாளம் அவசியம். உள்ளே வெட்டிவேர் ஒரு முடிச்சு. இங்கே கஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். நம் வெட்டிவேர் என்ற சொல்தான் பிரெஞ்சுக்காரர் வாய்க்குப் போய் வாசனைத் திரவிய பாட்டில்களில் 'வெட்டிவெர்' என்று உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பஞ்சாபி நண்பர்களிடம் சொல்லுங்கள், பேச்சு ஆரம்பிக்க நல்ல விஷயம்.

பானையைப் பகலெல்லாம் பால்கனி நிழலில் வைத்துச் சாயங்காலம் உள்ளே கொண்டுவாருங்கள். கூலர் ஓடும் ஹாலில் காற்று ஈரமாகிவிடும், பானைக்கு வறண்ட காற்றுதான் சரி. இதே காரணத்தால் அப்பளம் டப்பாவைவிட்டு வெளியே வந்த பத்து நிமிஷத்தில் நமத்துவிடும், கடைசியாகத் திறங்கள். பானகம் கரைத்தால் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். எலுமிச்சைப் புளிப்புக்குக் களிம்பு இறங்கும். கண்ணாடி ஜாடியில் ஊற்றினால் அந்த வெல்ல நிறமே ஒரு அழகு.

தயிர்சாதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாதத்தைக் குழைத்துப் பால் நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு கரண்டி. ஐந்து மணிக்குக் கலந்தால் எட்டரைக்குப் பதமாகியிருக்கும், மிச்சத்தைத் தில்லி பார்த்துக்கொள்ளும். தேங்காய்ச் சட்னியை மட்டும் சின்னக் கிண்ணத்தில் வைத்து, தீரத் தீர ஃபிரிட்ஜிலிருந்து கொண்டுவாருங்கள். இந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் தாங்காது. எட்டரைக்கு முன்னால் சாப்பாடு வேண்டாம். மே கடைசியில் சூரியன் மறையவே ஏழேகால் ஆகிறது.

மேஜை நடுவில் பூவுக்குப் பதிலாக, இலையோடு கூடிய லிச்சிக் கொத்து. அதற்குள் சந்தைக்கு வந்துவிடும். ஒரு வெண்கல உருளியில் குவித்து வையுங்கள், சாப்பாடு முடிந்ததும் அலங்காரத்தையே சாப்பிட்டுவிடலாம். லிச்சி வரவில்லையா, சஃபேதா மாம்பழம். அது வேறு யாருமில்லை, நம்ம பங்கனபள்ளிதான், இங்கே வந்து பேரை மாற்றிக்கொண்டிருக்கிறது.

எவர்சில்வர் டம்ளர் கேள்விக்கு வருகிறேன். கண்ணாடி வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் எவர்சில்வரில் ஒரே மாதிரி பன்னிரண்டு தேறினால் புளி போட்டுத் தேய்த்து, பானைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் மாமியார் வீட்டு டம்ளர்கள் என்றால் அநேகமாகப் பெயர் வெட்டியிருக்கும். யாராவது ஒருவர் நிச்சயம் டம்ளரைத் திருப்பிப் பார்த்து, இது என்ன எழுத்து, யார் பெயர் என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்லாதீர்கள், மாமியாரைக் கூப்பிடுங்கள். எந்த வருஷம், யார் கொடுத்த சீர், எந்தக் கடையில் வெட்டினது என்று அவர் ஆரம்பித்தால் ரசம் ஆறுவதற்குள் முடிக்க மாட்டார். ரசத்தை மறுபடி சுட வைக்க மட்டும் ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.