அப்பா இல்லாத பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது எப்படி?

அண்ணன் இறந்த பிறகு அண்ணியால் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை, தெரிந்த ஒரு இல்லத்தில் நேரடியாக விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்க உத்தரவு போட வேண்டியது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. தலைவரோடு நான்கு உறுப்பினர்கள் இருப்பார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தாலே வழி சொல்வார்கள். குழு முதலில் வீட்டு நிலையை விசாரித்து 15 நாளில் அறிக்கை வாங்கும், விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கும், இல்லம் என்பது அவர்களுக்கும் கடைசி வழிதான்.

அப்புறம், பிரச்சினை பணம் மட்டும் என்றால் பிள்ளைகளைப் பிரிக்கவே வேண்டாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கும் பொருந்தும், வருமான வரம்பும் பார்ப்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அண்ணியை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் சரியான முதல் படியாகத் தெரிகிறது.

அதன்பிறகும் இல்லம்தான் என்றால் அதன் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், பதிவில்லாமல் நடத்துவது குற்றம். பிள்ளைகள் இருவரையும் ஒன்றாக வைக்க முடியுமா, அம்மா எப்போது வந்து பார்க்கலாம் என்பதையும் குழுவிடமே கேளுங்கள்.