பல்செட் சுத்தம்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: 74 வயதான என் தாயாருக்கு மேலும் கீழுமாக முழுப் பல்செட் பொருத்தி நான்கு மாதங்கள் ஆகின்றன. நாள்தோறும் பற்பசையால் தேய்த்தும் வாடை போகவில்லை, பளபளப்பும் மங்கிவிட்டது. கடையில் நுரைக்கும் மாத்திரை, தனி பிரஷ், அதிர்வால் சுத்தம் செய்யும் கருவி என்று பலவற்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன், பற்பசையை நிறுத்திவிடுங்கள். பல்லின் கடினமான மேற்படலமான எனாமலைத் தேய்ப்பதற்காகப் பற்பசையில் சேர்க்கப்படும் நுண்துகள்கள், எனாமலைவிட மிகவும் மென்மையான, பல்செட் செய்யப்படும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கின் மீது உப்புத்தாளைப் போல வேலை செய்கின்றன. அதனால் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் பாக்டீரியாவும் கேண்டிடா என்னும் பூஞ்சையும் தங்கிப் பெருகும். ஆகவே, மங்கலுக்கும் வாடைக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தாயார் பல்செட்டைக் கழற்றியதும் மேலண்ணத்தைப் பாருங்கள். அதில் சிவப்பு படர்ந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்தப் பூஞ்சைத் தொற்று வலியின்றியே நீடிப்பது வழக்கம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கச் சொல்வது பல்செட்டுக்கென்றே செய்யப்பட்ட, மென்மையான தூரிகை இழைகள் கொண்ட பிரஷ். அதன் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருப்பதால், ஈறில் படியும் உட்குழிவு வரை எட்டும். அழுக்கு மிகுதியாகச் சேர்வதும் அங்கேதான். வீட்டிலுள்ள மென்மையான திரவ சோப்பைத் தொட்டுத் தேய்த்து, நன்றாக அலசினால் போதும். கைதவறி விழுந்தால் உடையாதிருக்க, தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தின் மேலே வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வெந்நீர் கூடவே கூடாது; அக்ரிலிக் வளைந்துவிட்டால் பல்செட் பிறகு சரியாகப் பொருந்தாது.

நுரைக்கும் மாத்திரை பயனுள்ளதுதான். ஆனால் அது தேய்ப்பதற்கு மாற்று அன்று. நுரை ஓரளவு கறையையும் கிருமிகளையும் குறைக்குமே தவிர, ஒட்டிப் பிடித்த படலத்தை முழுதாகப் பெயர்க்காது. ஆகவே ஊறவைத்த பின்னும் தேய்த்து, அலசியே அணிய வேண்டும். அட்டைப்பெட்டியில் ‘பெர்சல்ஃபேட்’ என்ற வேதிப்பொருளின் பெயர் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-இல் எச்சரிக்கை விடுத்து, தயாரிப்பாளர்கள் உறையின் வாசகத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. மாத்திரை என்று அழைக்கப்படுவதாலேயே முதியோர் அதை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. எனவே மற்ற மருந்துகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அதிர்வுக் கருவியை இப்போதைக்கு விட்டுவிடலாம். கைநடுக்கத்தால் பிரஷைப் பிடிக்க இயலாதவர்களுக்கு அது துணையாகலாம்.

கேள்வி: உலோகக் கொக்கி உள்ள பகுதிப் பல்செட் அணியும் என் தந்தை, இரவிலும் அதைக் கழற்றுவதில்லை. பிளீச் கலந்த நீரில் ஊறவைக்கலாம் என்கிறார் உறவினர். சரியா?

பதில்: வேண்டாம். பிளீச் உலோகத்தை அரித்துவிடும். உலோகமே இல்லாத அக்ரிலிக் பல்செட்டுக்கும், மிகவும் நீர்த்த கரைசலில் பத்து நிமிடங்களுக்கு மேல் ஊறவைக்கக் கூடாது என்பதே நிபுணர்களின் வழிகாட்டுதல். மாத்திரை வாங்கினால், உலோகம் உள்ளவற்றுக்கும் ஏற்றது என்று உறையில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

இரவுப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு, பல்செட்டுடன் உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு இருந்ததைக் காட்டியது. அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நாள் முழுதும் மூடியிருந்த ஈறுக்கு இரவிலாவது ஓய்வு தேவை. கழற்றியதை உலரவிடாமல், மூடியுள்ள டப்பாவில் சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றி, டப்பாவையும் கழுவுங்கள். தந்தைக்கு மிஞ்சியுள்ள சொந்தப் பற்களை, குறிப்பாகக் கொக்கி பிடிக்கும் பற்களை, படுக்கும் முன் ஃபுளோரைடு பற்பசையால் துலக்கச் சொல்லுங்கள். சொத்தை முதலில் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.