கறுப்புத் திரை ப்ராஜெக்ட்டால் வேலை கிடைக்குமா?

கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கலர் கலராக ஆப் செய்ய, உங்கள் மகள் மட்டும் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கவலைப்படுகிறீர்கள். வேலைக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது அம்மா. ஆனால் இன்டர்வியூவில் நின்று பேச அவளிடம் விஷயம் இருக்கும். ஊரே செய்யும் லைப்ரரி மேனேஜ்மென்ட் ப்ராஜெக்ட்டில் அது இருப்பதில்லை.

அவள் செய்வது கமாண்ட் லைன் கருவி, அதாவது பட்டன்களை அழுத்தாமல் கட்டளைகளைத் தட்டி இயக்கும் புரோகிராம். புரோகிராமர்கள் அன்றாடம் 'கிட் ரிமோட் ஆட்' என்று தட்டுவார்கள். கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி, ரிமோட் அதன் உட்கட்டளை, ஆட் அதற்கும் உள்ளே இன்னொன்று. தட்டியதைப் பிரித்துப் படித்து உரிய ஃபங்ஷனிடம் ஒப்படைப்பதற்கு வழி செய்வதுதான் பார்ஸர்.

இனி வருவது அவளுக்கு, மகளிடம் காட்டுங்கள். பைதான் மொழியோடு வரும் ஆர்க்பார்ஸ் என்ற பார்ஸரே போதும். உட்கட்டளை எதுவும் தராமல் கருவியை ஓட்டிப் பாரம்மா. உட்கட்டளை கட்டாயம் ('ரெக்கொயர்ட்') என்று சொல்லி வைக்காவிட்டால் ஆர்க்பார்ஸ் தடுக்காது. உன் கோட் போய் எங்கோ முட்டிக்கொள்ளும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. விவரமாகச் செய்தி காட்டச் சொல்லும் 'வெர்போஸ்' என்ற ஆப்ஷனை மேல்மட்டத்திலும் உட்கட்டளையிலும் ஒரே பெயரில் வைத்தால், பயனர் மேலே கொடுத்ததைக் கீழே உள்ள டிஃபால்ட் மதிப்பு (எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பு) சத்தமில்லாமல் அழித்துவிடும். ஏரரும் வராது. உட்கட்டளையில் டிஃபால்ட்டாக 'சப்ரெஸ்' கொடுத்தால், அதாவது டிஃபால்ட் மதிப்பே வேண்டாம் என்று சொன்னால் சரியாகும். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்திய கதையை இன்டர்வியூவில் சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கர் கருவியையும் பார். கட்டளைகள் பெருகிப்போனதால் 2017-இல் வந்த 1.13 பதிப்பில் அவற்றை கன்டெய்னர், இமேஜ் என்று தொகுத்தார்கள். ஆனால் ஓடும் கன்டெய்னர்களைப் பட்டியலிடும் பழைய 'டாக்கர் பிஎஸ்' கட்டளை இன்றும் ஓடுகிறது. பழகிய விரல்களைப் பகைத்துக்கொள்ளவில்லை. உன் கருவியிலும் ஒரு கட்டளையின் பெயரை மாற்றினால் பழையதையும் கொஞ்ச காலம் விட்டு வை. இரண்டு அடுக்குக்கு மேல் ஆழமாகப் போகாதே, யாருக்கும் நினைவில் நிற்காது.

அம்மா, இதற்கென்று தனி கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆர்க்பார்ஸ் ஆவணம் இலவசம், பழைய லேப்டாப்பே தாங்கும். ரெஸ்யூமேயில் 'சிஎல்ஐ டூல்' (கமாண்ட் லைன் கருவி) என்று மொட்டையாக எழுதாமல், அது யாருக்கு என்ன வேலையை மிச்சப்படுத்துகிறது என்று அவளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரி உங்களுக்கே புரிந்தால் போதும், அனுப்பிவிடலாம்.